ஒற்றைக் கைக்கான ஆட்டம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ரம்மி என்றால் உயிர். நாலு பேர் சேர்ந்தால் போதும், சட்டைப் பையிலிருந்து சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதரைச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று காலை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டன. இடது கையில் இரண்டு ஊசி; நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. பதிமூன்று சீட்டை ஒரே கையில் விரித்துப் பிடித்துப் பாருங்கள், கஷ்டம் புரியும். முதல் வாரமே அத்தனையும் தரையில் கொட்டி, நர்ஸ் குனிந்து குனிந்து பொறுக்கினார்.

அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று அவர் பையில் இருந்தது. மனைவியின் சிறுநீரகம் பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆயிற்று. சம்மதப் படிவத்தில் மனைவி கையெழுத்துப் போட்டாயிற்று, இவருடையதுதான் பாக்கி. "ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்" என்று காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். இப்படியே டயாலிசிஸை நம்பி உட்கார்ந்தால் உடம்பு வருஷா வருஷம் இறங்கும் என்று டாக்டர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்து நாற்காலி கப்பலக்காவுடையது. பயணிகள் கப்பலில் பதினோரு வருஷம் பிளாக்ஜாக் என்ற சூதாட்ட மேஜையில் சீட்டுப் போட்டவர் என்பதால் அந்தப் பெயர். கொட்டிய சீட்டுகளைப் பார்த்து அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"தம்பி, ஒத்தக் கைக்குத் தோதா ஒரு ஆட்டம் இருக்கு. கத்துக்கிறீங்களா?"

இருவருக்கும் நடுவே சக்கர மேஜை. சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி, அக்கா ஒரு கையாலேயே கலைப்பார். இவருக்கு இரண்டு சீட்டு, இரண்டும் திறந்து. அக்காவுக்கு ஒன்று திறந்து, ஒன்று கவிழ்ந்து. படச்சீட்டுக்குப் பத்து. இருபத்தொன்றைத் தாண்டாமல் நெருங்க வேண்டும், தாண்டினால் அவுட். பதினேழு வரும்வரை அக்கா எடுத்தே தீர வேண்டும். இவர் நிற்கலாம், எடுக்கலாம், இவர் இஷ்டம். ஜெயித்தவர் கையில் டிவி ரிமோட்.

ஆட்டம் சுலபம். நம் ஆள்தான் கஷ்டம். பதினாறு வந்தால் போதும், தாண்டிவிடுமோ என்று பதறி "போதும்" என்பார். அக்காவின் திறந்த சீட்டு என்ன என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ரம்மிப் பழக்கம், தன் கையே உலகம். இரண்டு வாரம் தொடர்ந்து தோற்று, அக்காவுக்குப் பிடித்த சமையல் நிகழ்ச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார், உப்புச் சேர்க்கக் கூடாத உடம்பை வைத்துக்கொண்டு.

கடைசியில் அக்கா ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தார்.

"இது ஜோசியம் இல்ல, கணக்கு. எனக்கு ஆறு திறந்திருந்தா நீங்க பன்னெண்டுலயே நில்லுங்க, தாண்டுற பயம் என்னோடது. பத்து திறந்திருந்தா பதினாறுல நிக்கக் கூடாது. எடுக்கணும்."

"தாண்டிட்டா?"

"தாண்டலாம். ஆனா நின்னீங்கன்னா அதவிட அதிகமா தோப்பீங்க. பயந்து நிக்கிறதுக்கு நிதானம்னு பேர் வச்சிடாதீங்க தம்பி."

அட்டவணை வீட்டுக்கு வந்தது. மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பரீட்சை வைப்பதென்றால் கேட்கவா வேண்டும். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். மூன்றாவது வாரம் ஒரு தப்புக்கூட இல்லை.

"பதினாறு. எதிர்ல பத்து?"

"எடுக்கணும்."

"ஏன்?"

"நின்னா பத்திரம்னு தோணும். ஆனா அதுலதான் அதிகமா தோப்போம்."

மனைவி அட்டவணையைக் கீழே வைத்தார். "அப்போ என் விஷயத்துல மட்டும் ஏன் நிக்கிறீங்க?"

"சீட்டுல போனா போகட்டும்னு விடலாம். இது நீ" என்றார் இவர்.

"அது என் சீட்டுங்க. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டு, நல்லா யோசிச்சு நான் எடுத்து வச்சது. என்னைக் கேக்காம என் ஆட்டத்தையும் நீங்களே ஆடாதீங்க."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். இந்தச் சில மாதங்களில் எவ்வளவு இளைத்துவிட்டாள்! தன் உடம்பு, தன் பயம் என்றே இருந்தவருக்கு அது கண்ணில் படவே இல்லை. பேனாவைக் கேட்டார்.

இதைக் கப்பலக்காவிடம் சொல்லத்தான் அவருக்கு நா எழவில்லை. அக்காவுக்குப் பொருந்தும் ஆள் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் மழுப்பிவிட்டு மூன்றாம் நாள் சொன்னார். அக்கா சீட்டுகளைப் பரப்பிக் கலைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு வர்றப்ப வரட்டும், அதுக்காக நீங்க காத்துக் கிடப்பீங்களா? கப்பல்ல பதினோரு வருஷம் எத்தன பேருக்கு இந்தக் கணக்கச் சொல்லியிருப்பேன். ஒருத்தராவது கேட்டிருக்கணுமே! நீங்கதான் தம்பி கேட்டீங்க."

கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவருக்கு. ஒரு கை ஊசியில் மாட்டியிருந்ததால் மற்றக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். சொந்த அக்கா இருந்திருந்தாலும் இவ்வளவு செய்திருப்பாளா என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து மனைவியின் வார்டுக்குப் போனார். இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை ஒன்று இருந்தது. மேடையில் மைக் பிடித்தவர்கள்தான் அதைச் சொல்வார்கள் என்று இருந்துவிட்டவர். கட்டிலின் கம்பியைப் பிடித்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"ரொம்ப நன்றிம்மா."

மனைவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. தையல் பிரிஞ்சிடும்."