மூன்றாவது அரங்கில் ஒரு மௌன அமர்வு

மாநாட்டு மாளிகையில் அவளுக்குக் கட்டம்மா என்று பெயர். நாள் முழுக்கக் கட்டம் கட்டமான ஒரு திரையை முறைத்துக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? மேலே அரங்குகள், ஓரத்தில் நேரம், நடுவில் யார் எங்கே பேசுகிறார் என்ற விவரம். ஒரே பேச்சாளரை ஒரே நேரத்தில் இரண்டு அரங்கில் போட்டால் மென்பொருள் சிவந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, திருத்தும்வரை நகராது. ஓர் அரங்கில் இரண்டு கூட்டம் போட்டாலும் அதே கோபம். மனிதனால் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்று நம்புகிற ஒரே அதிகாரி அந்தக் கட்டடத்தில் அதுதான்.

ஆனால் அந்தக் கரிசனமெல்லாம் பேச்சாளர்களுக்கு மட்டும். அவள் வீட்டுக்காரர் அங்கே மைக்செட்காரர்; எல்லா அரங்குக்கும் அவர் ஒருவர்தான். அவரை எத்தனை இடத்தில் போட்டாலும் திரை கண்டுகொள்ளாது. போன மாநாட்டில் ஒயர்ச்சுருளோடு படியேறியவர் தலைசுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மதியத்தில் ஒரு மணி நேரமாவது படுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

சாப்பாட்டு நேரத்தில் மற்ற அரங்குகள் ஓய்ந்துவிடும். மூன்றாவது அரங்கில் மட்டும் மேலாளர் எதையாவது சொருகுவார்; அதற்கும் மைக் போட வீட்டுக்காரர்தான் ஓடவேண்டும்.

"அந்த ஒரு மணி நேரம் சும்மா கெடந்தா என்ன சார்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"காலிக் கட்டத்தப் பாத்தா எனக்குக் கை அரிக்குதும்மா."

அரிக்கிற கைக்கு முன்னால் அவள் முந்திக்கொண்டாள். மூன்றாவது அரங்கு, மதியம். தலைப்பு: 'மௌனம் – செயல்முறை விளக்கம்.' பேச்சாளர்: பிறகு அறிவிக்கப்படும். கட்டம் பச்சையானது. மேலாளர் அங்கே ஒரு கூட்டத்தைத் திணித்துப் பார்த்தார். திரை சிவந்ததும் முனகிக்கொண்டே போய்விட்டார்.

பச்சையான எல்லாக் கட்டமும் தானாகவே விருந்தினர்களின் போனுக்குப் போய்விடும் என்பதை மட்டும் மகராசி மறந்துபோனாள்.

மாநாட்டன்று மதியம், மனுஷன் தூங்குகிறாரா என்று பார்க்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அரங்கு நிறைந்திருந்தது. பாதி இறக்கிய திரைச்சீலை வழியே பச்சை வெளிச்சம் குளத்துத் தண்ணீர் மாதிரி தளும்பியது. முன்வரிசை நாற்காலிகளை ஒட்டிப் போட்டு அவர் படுத்திருந்தார். மூச்சு ஏறி இறங்கியது. அவரைத்தான் செயல்முறை விளக்கம் என்று கூட்டம் நினைத்துவிட்டது. ஒருவர் டையைத் தளர்த்தினார். ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினாள். மெல்ல மெல்ல எல்லோருடைய மூச்சும் ஒன்றாகி, அரங்கே எங்கோ மிதந்து போவதுபோல இருந்தது.

மேலாளர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். "யாரும்மா பேச்சாளர்?"

"உக்காந்து கேளுங்க சார்."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலை பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்தது.

எழுந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மாநாட்டுல இத பெரிய ஹால்ல போடும்மா! மெல்லிசா ஒரு இசை, நாலு ஸ்பீக்கர்... உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடு."

கிடைத்த ஒரு மணி நேரமும் போயிற்று. அவள் திரைமுன் உட்கார்ந்து, பேச்சாளர் இடத்தில் வீட்டுக்காரர் பெயரையே அடித்தாள். பிறகு அதே நேரத்தில் ஒலி வேலைக்கும் அவரைப் போட்டாள். இதுவரை அவருக்காக ஒருநாளும் சிவக்காத திரை செக்கச்செவேலென்று சிவந்தது.

"பேச்சாளராச்சே சார், ஏத்துக்க மாட்டேங்குது. மைக்குக்கு வேற ஆள்தான் பாக்கணும்."

மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியாளுக்குப் போன் போட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் பதறினார். "ஏய், நாலு பேர் முன்னாடி எனக்குப் பேச வராதே!"

"உங்கள யாரு பேசச் சொன்னா? படுத்தாப் போதும்."

அவர் குனிந்து தன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"படுக்கறதுக்கு எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?"

"கசங்காததா ஒண்ணு," என்று சொல்லிவிட்டு, கட்டம்மா அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.