பிழையாகச் சொன்ன விடை

மாமி இறந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பின்னேரத்தில், எங்கள் வீட்டுக்குள் அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் ஃப்ளாட். ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். மாமா அம்மாவின் தம்பி. லண்டனிலிருந்து வந்து அவரைக் கல்யாணம் செய்த மாமி திரும்பிப் போய்விட, விசா கிடைக்கும்வரை மாமா எங்களோடு தங்கியிருந்தார். விசாவுக்கு இங்கிலீஷ் சோதனை பாஸ் பண்ண வேண்டும். மாமா கணக்கில் புலி, இங்கிலீஷில் பூனை. அதிலும் 'கெட்' என்ற குட்டிச் சொல் அவரைப் படாத பாடு படுத்தியது. கெட் அப் என்றால் எழும்புவது, கெட் ஒஃப் என்றால் இறங்குவது, கெட் ஓவர் என்றால் கவலையைக் கடந்து வருவது. வால் மாறினால் ஆளே மாறிவிடுகிற சொல். மாமி அங்கே சமைத்துக்கொண்டே போனில் பாடம் எடுப்பார். மாமா படித்ததை எனக்கும் சொல்லித்தந்து பெருமைப்படுவார்.

சோதனைக்கு முன்பே மாமி விபத்தில் போய்விட்டார். விசா இல்லாத மாமா செத்தவீட்டை எங்கள் டிவியில் நேரலையாகப் பார்த்தார். ஹோலில் மாமியின் படத்துக்கு மாலை போட்டு, சிவப்பு பல்ப் ஏற்றினார்கள். அந்தப் படத்தைக் கடந்துதான் மாமாவின் அறைக்குப் போக வேண்டும்.

சாத்தியிருந்த அந்த அறைக்குள்ளிருந்துதான் சிரிப்பு வந்தது. தொடர்ந்து குக்கர் விசிலடித்தது. எங்கள் குசினியில் அடுப்பே எரியவில்லை. அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, மாமி கதைக்கிறா."

தேங்காய் துருவிய அம்மாவின் கை நின்றது. "விசர்க்கதை கதையாதை," என்றவர் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

அடுத்த நாளும் அதே நேரம், அதே சிரிப்பு, அதே விசில். பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளினேன். மாமா கட்டிலில் தனியாக இருந்தார். தலையணைமேல் போன். முன்பு பாடம் எடுக்கும்போது மாமி ஒவ்வொன்றாக அனுப்பிய குரல் பதிவுகள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமா சோதனைக்குப் படிக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் இருந்தேன். சோதனை இனி இல்லை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாமா போனைத் தொட்டார்.

"பக்கத்து வீட்டாக்களோடை ஒத்துப்போறதுக்கு என்ன சொல்லுவியள்?" என்றது மாமியின் குரல்.

எனக்குத் தெரிந்த விடை! மாமாவுக்கு உதவி செய்கிற ஆசையில் முந்திக்கொண்டேன்: "கெட் அலோங்!"

மாமா அடுத்த பதிவில் விரலை வைத்தார். மாமி வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ, அது தப்பியோடுறதெல்லே! திரும்பச் சொல்லுங்கோ." குக்கர் விசிலடித்தது.

சரியாகச் சொன்ன என்னைப் பார்த்து, மாலை போட்ட படத்திலிருக்கும் மாமி பிழை என்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா என்னை ஏசவில்லை. தன் உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, கேள்வியை மறுபடி ஓடவிட்டார்.

"கெட் அவே," என்றார், அசல் மாணவனைப்போல.

மாமி சிரித்தார். இந்த முறை சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வந்தது.

"கெட் அலோங்."

"ம்ம், இப்ப சரி," என்றார் மாமி. மாமாவின் முகம் மலர்ந்தது.

நான் குசினிக்கு ஓடினேன். "அம்மா, மாமா சோதனையில ஃபெயில்தான். சரியான விடை அவருக்கு வடிவாத் தெரியும். எனக்குச் சொல்லித்தந்ததே அவர்தான். எண்டாலும் மாமி கேட்டா ஒவ்வொரு நாளும் பிழையாத்தான் சொல்லுறார்."

அம்மா அப்படியே நிலத்தில் குந்தி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். தம்பி ஒரு சோதனையில் ஃபெயிலாவதற்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று நினைத்தபடி, நான் அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.