அறுநூறு கார்டும் ஒரு வகுப்பும்

நான் பெரிய பிள்ளையான அன்று, இரத்தத்தைக் கண்டு செத்துப்போகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. யாரும் எனக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மூலை அறையில் இருத்தி, விடியக் காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கினார்கள். பிறகு உழுத்தங்களி. மாமிமார் பலகாரத் தட்டங்களோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். சாகக் கிடக்கிற பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் நாள் பெரியம்மாவிடம், "நான் எப்ப செத்துப்போவன்?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த களி சிந்தியது. சிந்தியதைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். சுகாதாரப் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்ததும் ரீச்சர், "இதை வீட்டிலை வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினார். வீட்டில் அம்மா, "ரீச்சரைக் கேள்" என்றார்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தபோது, அவள் என்னைப்போலப் பயப்படக் கூடாது, நானே சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆனால் நான் பஸ்ஸில் "இறக்கம்" என்று குரல் கொடுத்து நிறுத்தக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருகிறவள். மூன்று முறை அவளைக் கூப்பிட்டு இருத்தினேன். முதல்முறை நகம் வெட்டச் சொன்னேன். இரண்டாம்முறை தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். மூன்றாம்முறை என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, ஆரும் செத்துப்போச்சினமே?" என்று அவளே கேட்டாள். கணவரிடம் யோசனை கேட்டேன். அவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

ஆகவே பெற்றோர் கூட்டத்தில் அதிபர், "சுகாதாரப் பகுதியிலை இருந்து குடும்பநல மாது வந்து ஏழாம் வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பெரிய பிள்ளையாகிறதைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கப்போறா. அதுக்கு உங்கடை சம்மதம் வேணும்" என்றபோது எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

முன்வரிசையில் இருந்த லொறிக்கார அண்ணை எழும்பினார். கூட்டம் தொடங்க முன்னர்தான் தன் மூத்த மகள் பெரிய பிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக் கார்டை எங்கள் எல்லோருக்கும் கொடுத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டளவு கார்ட். மேலே பிள்ளையின் படம், கீழே மண்டபத்தின் படம்.

"சேர், உதெல்லாம் நாலு பேருக்கு முன்னாலை கதைக்கிற விஷயமே? பொம்பிளைப் பிள்ளையளின்ரை விஷயம் மறைவாய் இருக்கவேணும்."

தலைகள் ஆடின. அதிபர், "விருப்பமானவை கையை உயர்த்துங்கோ" என்றார். ஒரு கையும் எழவில்லை. "விருப்பமில்லாதவை?" அதற்கும் இல்லை. எங்கள் ஊர்க் கூட்டங்களில் கையை உயர்த்துகிறவரைத்தான் பெற்றோர் சங்கத்தின் அடுத்த செயலாளராகப் போடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப விடுவம்" என்று அதிபர் பேனையை மூடினார்.

நான் எழும்பி நின்றேன். எப்படி எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. கையில் கார்ட் மட்டும் இருந்தது.

"அண்ணை, இந்தக் கார்ட் எத்தினை அடிச்சனீங்கள்?"

"அறுநூறு" என்றார். "குதிரை வண்டியும் வருது. கட்டாயம் வாங்கோ தங்கச்சி."

"வாறன் அண்ணை. அறுநூறு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறியள். முதலே பிள்ளைக்கு ஆர் சொன்னது?"

சட்டென்று கதிரையில் இருந்துவிட்டேன். காது இரண்டும் கொதித்தன. அண்ணைக்குப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தரும் சொல்லேல்லை. அழுதுகொண்டு கிணத்தடியிலை நிண்டவள். நான் மண்டபம் பிடிக்க ஓடிட்டன்."

சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினார்.

"அக்காதான் புதுச் செயலாளர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்போடு சிரிப்பாகக் கைகள் எழுந்தன. அண்ணையின் கை கடைசியாக, தலையைச் சொறிவதுபோல உயர்ந்தது.

வகுப்பு நடந்தது. நான்கு மாதம் கழித்து, ஒரு காலையில் மகள் குசினிக்குள் வந்தாள்.

"அம்மா, எனக்கு வந்திட்டுது. என்ன செய்யிறதெண்டு தெரியும், செய்திட்டன். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

வேறொன்றும் தோன்றாமல் முட்டைக் கூடையையும் நல்லெண்ணெய்ப் போத்தலையும் எட்டி எடுத்தேன்.

"பொரிச்சுத் தந்தால் சாப்பிடுறன்" என்றாள்.