மூத்ததம்பி அண்ணனின் விரலும் என் பின் கியரும்

போன கிழமை மண்டூர்த் துறையில் என்னால் பத்துப் பதினைந்து பேர் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். வெடித்தது குண்டல்ல... என் சைக்கிள்!

காலைப் பாதையில் – வாவியைக் கடக்கும் இயந்திரப் படகை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் – குருமண்வெளியிலிருந்து வந்து இறங்கினேன். சைக்கிளில் ஏறி ஒரு மிதி. 'கடார்!' சங்கிலி ஸ்போக் கம்பிகளுக்குள் பாய்ந்து, பின் கியரை இழுத்து முறித்துவிட்டது. இந்தச் சண்டைக் காலத்தில் சத்தம் கேட்டால் முதலில் படுப்போம், பிறகுதானே பார்ப்போம்?

குற்றவாளி யார் தெரியுமா? மீன் வியாபாரி மூத்ததம்பி அண்ணன். பாதை வாவியைக் கடக்கும்வரை என் மவுண்டன் சைக்கிளின் கியர் லீவரை 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே நின்றார். நிற்கிற சைக்கிளில் தட்டினால் சங்கிலி அசையாது. ஏறி மிதித்ததும் எல்லாத் தட்டலுக்கும் சேர்த்துப் பாயும்.

"சும்மா தொட்டுப் பாத்தன் டீச்சர்" என்றார், சாரத்து மண்ணைத் தட்டியபடி.

பள்ளிக்கூடம்வரை தள்ளிக்கொண்டே போனேன். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் முதற்பாடம், என் கணிதம், போய்விட்டது. வயல் வட்டை வெளியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று முகத்தில் அடிக்கிற மாதம் இது. கியர் இல்லாமல் மிதித்தால் தினமும் இதே கதைதான்.

ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் உடனே வைத்தியம் சொன்னார். "கியரக் கழட்டிப்போட்டு ஒத்தப் பல்லாக்கித் தாறன் டீச்சர். கரைச்சல் முடிஞ்சுது."

எனக்குக் கோபம் வந்தது. மின்சாரம், இரவுப் பயணம், விடியும்வரை பார்த்த கூத்து... சண்டை நம்மிடமிருந்து கழற்றிக்கொண்டு போனது போதாதா? மிச்சத்தையும் நாமே கழற்ற வேண்டுமா?

புதுக் கியர் தேடிக் காத்தான்குடிக்குப் போனேன். "சாமான் இரிக்கி டீச்சர். பூட்டுற ஆள்தான் இல்ல" என்றார் கடைக்கார நானா – அங்கே அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"நான் பூட்டுவன்" என்றேன். வாய் முந்திவிட்டது!

சனிக்கிழமை சைக்கிளை மாமரக் கிளையில் கயிறு கட்டித் தூக்கினேன். பெடல் சுற்றும் உத்தியோகம் என் கணவருக்கு. "கலியாணம் கட்டின நாளில இருந்து இதத்தானே செய்யிறன்" என்றார்.

மாட்டிப் பூட்டுவது சுலபம். உயிரை வாங்குவது இரண்டு குட்டி ஸ்குரூக்கள். ஒன்று, சங்கிலி சின்னப் பல்லை – பற்சக்கரத்தைத்தான் பல் என்போம் – தாண்டி வெளியே விழாமல் தடுக்கும். மற்றது, பெரிய பல்லைத் தாண்டிக் கம்பிக்குள் போகாமல் தடுக்கும். கொஞ்சம் இறுக்கினால் ஏறாது, கொஞ்சம் தளர்த்தினால் மூத்ததம்பி அண்ணன் கதை.

மரத்தில் அழகாக ஓடியது, றோட்டில் இறங்கியதும் துள்ளியது. புதுக் கேபிள் இளகும் என்று யார் கண்டது? மறுபடி கிளையில் ஏற்றி, கேபிளை இழுத்துப் பூட்டி, காதை வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருப்பினேன். கறகறச் சத்தம் நின்றது. சங்கிலி பல் பல்லாக ஏறி இறங்கியது. பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை, சத்தியமாக!

திங்கட்கிழமை, பாதை. மூத்ததம்பி அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணன், தட்டுங்க."

"ஐயோ, வேணாம் டீச்சர்!"

"தட்டுங்க எண்டுறன். கடைசி வரைக்கும் தட்டுங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். மண்டூரில் இறங்கினோம். நான் ஏற, சனம் விலகியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். சங்கிலி கடகடவென்று பெரிய பல்லில் ஏறியது... அங்கேயே நின்றது. கம்பிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கச்சானைக் கிழித்துக்கொண்டு போய், முதல் மணி அடிக்குமுன் வகுப்பில் நின்றேன்.

மண்டூர்த் துறையை விட்டுப் புறப்பட்டபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தேன். துறையில் ஒருவரும் படுக்கவில்லை. மூத்ததம்பி அண்ணன் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, மீன் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார்.