குட்டி யானை மேல் ஏற்றிய முன்சிறகு

1. மூடி திறக்கவில்லை

இரண்டாவது சோதனைப் பறத்தல் முடிந்து விமானம் தரையிறங்கி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னாலிருந்த புரொப்பல்லரும் சுற்றி ஓய்ந்தது. ஆனால் விமானி அறையின் கண்ணாடி மூடி திறக்கவில்லை. நானும் ரஹ்மத் பாயும் ஓடுதளத்தின் ஓரத்திலிருந்து ஓடினோம். வெளியிலிருந்தே மூடியைத் தூக்கினேன். உள்ளே கேப்டன் உஷா வலது கையை மடியில் போட்டு இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"போன தடவ ஸ்டிக் கனமா இருந்துச்சு. இந்தத் தடவ என்கூட சண்டையே போட்டுச்சு," என்றார். "ரெண்டு கையாலயும் இழுத்துப் புடிச்சிக்கிட்டே வந்தேன் ஸ்டெல்லா. விட்டா மூக்கு கீழ போகுது."

ரஹ்மத் பாய் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

2. நாங்கள் மூன்று பேர்

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் படிப்பை முடித்ததும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பைபர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். கண்ணாடித் துணியை அச்சில் விரித்து, ரெசின் தடவி, ரோலரால் காற்றை வெளியேற்றுவதுதான் வேலை. தண்ணீர்த் தொட்டி, பஸ் பானெட், மீன்பிடிப் படகு என்று எல்லாம் செய்தேன். சூப்பர்வைசராக ஓய்வு பெற்று ஊரப்பாக்கம் வீட்டில் உட்கார்ந்த சில மாதங்களில் ரஹ்மத் பாய் போன் செய்தார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அவருக்கு ரெசினும் பெயிண்டும் விற்கும் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால், சவுக்குத் தோப்பை ஒட்டி, படகு ரிப்பேர் செய்யும் கொட்டகை. எங்கள் கம்பெனிக்கு அவர்தான் ரெசின் சப்ளை செய்தார். "ஒரு படகு கட்டணும்மா, ஆனா அது பறக்கும்," என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் வரைபடங்கள் சுவர் முழுக்க ஒட்டியிருந்தன.

அது கனார்ட் வகை விமானம். வழக்கமான விமானத்தில் வாலில் இருக்கும் சின்னச் சிறகு இதில் மூக்கில் இருக்கும். அதை முன்சிறகு என்போம். பெரிய சிறகும் எஞ்சினும் பின்னால். ஆள் இறங்கினால் பின்பக்கம் மல்லாக்கச் சாய்ந்துவிடும் என்பதால், நிறுத்தும்போது முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றி வைப்போம். தொழுகையில் நெற்றியை வைப்பது போல இருக்கிறது என்று பாய்க்கு அதில் ஒரு சந்தோஷம்.

முன்சிறகின் பின்ஓரத்தில் கதவு மாதிரி மேலும் கீழும் ஆடும் நீளமான பலகை இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்று. அதுதான் எலிவேட்டர். பைலட் தன் கையிலிருக்கும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் ஆடும், மூக்கு ஏறும். எங்கள் கதை முழுக்க அந்த இரண்டு பலகைகளைப் பற்றித்தான்.

கேப்டன் உஷா நாவலூரில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறார். பயிற்சி விமானத்தில் தொடங்கி பெரிய பயணிகள் விமானம் வரை ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் அனுமதிகள் எல்லாம் வாங்கி, விமானத்தை லாரியில் ஏற்றி, செங்கல்பட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு தனியார் ஓடுதளத்துக்குக் கொண்டுவந்த பிறகு, சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர் அவர்தான்.

3. ஈயமும் தகடும்

முதல் பறத்தல் நன்றாகவே முடிந்தது. ஒரே ஒரு குறை. வேகம் ஏற ஏற ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையைத் தாங்கத்தான் ட்ரிம் ஸ்பிரிங் இருக்கிறது. அதைக் கடைசி வரை தள்ளியும் போதவில்லை.

எலிவேட்டர் பின்பக்கம் கனமாகிவிட்டது, முன்பக்கம் இன்னும் ஈயம் வைத்தால் சரியாகும் என்றார் பாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஈயத்தின் வேலை வேறு. எலிவேட்டரைக் கீலில் தொங்கவிட்டால் முன்ஓரம் லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். பின்ஓரம் தாழ்ந்தால், வேகத்தில் அது படபடவென்று அடிக்க ஆரம்பித்து, கண் மூடித் திறப்பதற்குள் சிறகையே பிய்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஈயம். கையில் தெரிகிற கனம் காற்று கொடுப்பது. இரண்டுக்கும் பேலன்ஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதனால்தான் குழப்பம்.

கேப்டன் நான் சொன்னதை ஒப்புக்கொண்டு, தான் பழகிய ஒரு வழியைச் சொன்னார். பயிற்சி விமானங்களில் இப்படி இழுத்துப் பிடிக்க வேண்டி வந்தால், எலிவேட்டரின் பின்ஓரத்தில் ஒரு சின்ன அலுமினியத் தகட்டை ஒட்டிக் கீழ்நோக்கி மடக்குவார்களாம். எங்கள் மூன்று பேருக்கும் அது சரியாகப் பட்டது. ஒட்டினோம். தகட்டின் எடை பின்னால் கூடியதால் ரசமட்டம் வைத்துத் தொங்கவிட்டுப் பார்த்து, அதற்கு ஈடாக முன்னால் ஈயம் சேர்த்தேன். அதன் பிறகுதான் அந்த இரண்டாவது பறத்தல்.

கேப்டன் ஒருவழியாக இறங்கி வந்ததும் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பாய் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"போதும்மா. இந்தப் பேஜாரு வேணாம். பிரிச்சி வூட்டாண்ட எட்னு போயி வச்சிர்றேன். உங்க உசுருக்கு இன்னா பதில் சொல்வேன் நானு?"

அது எத்தனை வருட வேலை என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைத் தொழுகை போக மற்ற நேரமெல்லாம் கொட்டகையில்தான் இருப்பார். அதைப் பிரிக்கிறேன் என்று அவரே சொல்கிறார். ஆனால் அவர் பயப்பட்டது நியாயம்.

கேப்டன்தான் எழுந்து போனார். மூக்கை ஊன்றி நின்ற விமானத்தின் உள்ளே இடது கையை விட்டு ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். எலிவேட்டரைப் பார்த்தார். முன்னால் தள்ளினார். மறுபடியும் இழுத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"நான் இழுத்தா இது எந்தப் பக்கம் போகுது, பாருங்க."

பின்ஓரம் கீழே போனது.

"நான் ஓட்டின பிளேன்ல எல்லாம் மேல போகும். அங்க இது வால்ல இருக்கு, வாலைக் கீழ அமுக்கணும். இங்க மூக்குல இருக்கு, மூக்கைத் தூக்கணும். எல்லாமே தலைகீழ். தகட்டைத் தப்பான பக்கம் மடக்கச் சொல்லிட்டேன். எனக்கு உதவ வேண்டிய காத்தை எனக்கு எதிரா திருப்பி விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. இதுவும் சரி என்றுதான் போன வாரம் சொன்னீர்கள், இப்போது இன்னொரு பக்கம் சரி என்கிறீர்கள், மறுபடி மேலே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் சம்மதிக்க மாட்டேன் என்றார்.

"மேல போவாம பாத்தா சம்மதமா பாய்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "காத்துதானே வேணும்? வண்டில கட்டி ஓட்டுவோம்."

4. வண்டி ஓடியது

முன்சிறகு தனியாகக் கழன்று வரும் பாகம். பாயிடம் ரெசின் டிரம் ஏற்றுகிற குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி இருந்தது. அதன் பின்தட்டில் சவுக்குக் கம்புகளால் சட்டம் கட்டினோம். டிரைவர் கேபினுக்கு மேலே நல்ல காற்று கிடைக்கிற உயரத்தில் முன்சிறகைக் குறுக்கே போல்ட் போட்டு நிறுத்தினோம். இரண்டு எலிவேட்டர்களையும் இணைக்கிற குழாயைக் கழற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஆடலாம். சிறகின் முனைகளில் கோணம் குறித்த அட்டை ஒட்டி, பின்ஓரத்தில் சிவப்பு நூல் கட்டினேன்.

ஓடுதளத்து வாட்ச்மேன் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். சாமி ஊர்வலமா என்று கேட்டார்.

காலையில் கடல் காற்று எழும்புவதற்கு முன்பே ஓட்டினோம். பாய் ஓட்டினார். கேப்டன் கேபினில் வேகம் பார்த்துச் சொன்னார். நான் பின்தட்டில் சட்டத்தோடு பெல்ட் போட்டு உட்கார்ந்து நூலைப் பார்த்தேன். இடது எலிவேட்டரில் தகடு கீழ்நோக்கி, வலது எலிவேட்டரில் தகடு மேல்நோக்கி. வண்டி வேகம் பிடித்ததும் இடதுபக்கம் மெதுவாக மேலே எழுந்து அங்கேயே நின்றது. வலதுபக்கம் கொஞ்சம் கீழே இறங்கியது. கேப்டன் சொன்னது அப்படியே கண் முன்னால் நடந்தது. கேபின் கூரையைத் தட்டிச் சொன்னேன். பாய் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, தானும் பார்க்க வேண்டும் என்றார். கேப்டன் ஓட்ட, அவர் என் இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

தகட்டை இரண்டு பக்கமும் மேல்நோக்கி மடக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். கேப்டன்தான் இன்னொரு ஓட்டம் கேட்டார். தகடே இல்லாமல் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம், முதல் நாளே ஏன் கனமாக இருந்தது என்று இன்னும் தெரியவில்லையே என்றார். தகடுகளை எடுத்துவிட்டு ஓட்டினோம். இரண்டும் மேலே எழுந்தன. ஒரே அளவாக எழவில்லை. வலதுபக்கம் அதிகம் எழுந்தது. ஒரே அச்சில், ஒரே கையால் செய்த இரண்டு பலகைகள் ஏன் வேறுவேறாக நிற்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பதில் பாயிடம்தான் கிடைத்தது. பழைய படகு வாங்க வரும்போது அவர் ஒரு நாணயத்தால் அதன் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். சத்தத்தை வைத்து எங்கே பைபர், எங்கே பள்ளம் நிரப்பிய பட்டி என்று சொல்லிவிடுவார். சட்டைப்பையிலிருந்து நாணயத்தை எடுத்து எலிவேட்டரின் மேல்பக்கத்தைத் தட்டினார். முன்பாதியில் கணீரென்று கேட்டது. பின்ஓரத்துக்கு அருகே சத்தம் அடங்கியது.

"பட்டி கீதும்மா. நல்லா தடியா."

பளபளப்பாக வேண்டும் என்று கார் பெயிண்டர் ஒருவரைப் பாய் கூட்டி வந்தது நினைவுக்கு வந்தது. துணியின் நெளிவு தெரியாமலிருக்க அந்தப் பெயிண்டர் பட்டி வைத்துத் தேய்த்திருக்கிறார். காருக்கு அது நல்ல வேலை. வரைபடத்தின் அளவுக்கு வெட்டிய அச்சு அட்டையை வைத்துப் பார்த்தோம். மேல்பக்கம் பின்ஓரத்தில் மெல்லிய மேடு, வலதுபக்கம் கூடுதலாக. அந்த மேட்டின் மேல் காற்று வேகமாக வழுக்கி ஓடிப் பலகையை மேலே இழுத்திருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் உப்புத்தாள் வேலை. மரக்கட்டையில் சுற்றி, அச்சு அட்டையை வைத்து வைத்துப் பார்த்துத் தேய்த்தேன். பாய் எதிரே உட்கார்ந்து இன்னொன்றைத் தேய்த்தார். அவர் விரும்பிய அந்தப் பச்சைப் பளபளப்பு தூளாகக் கொட்டியது. அவர் அதை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி தேய்த்தார். மெல்லிய பெயிண்ட் ஒரு கோட்டு மட்டும் அடித்து, மறுபடி கீலில் தொங்கவிட்டோம். பின்னால் எடை குறைந்திருந்ததால் இப்போது முன்ஓரம் தேவைக்கு மேல் தாழ்ந்தது. நான் சேர்த்திருந்த ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். மறுபடி வண்டியில் ஏற்றி ஓட்டியபோது இரண்டு நூல்களும் ஒரே கோட்டில் நின்றன. தகடு தேவைப்படவே இல்லை.

5. மேலே

மூன்றாவது பறத்தலுக்குப் பாய் வரமாட்டேன் என்றார். கடைசியில் வந்தார். வானத்தைப் பார்க்காமல் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கரகரப்பு மட்டும் கேட்டது. பிறகு கேப்டன் குரல்.

"பாய், ரெண்டு கையும் மடியில இருக்கு. அது பாட்டுக்குப் போகுது."

பாய் ரேடியோவை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். "சரிபண்ணு" என்று யாராவது சொன்னால், எதை, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். சொல்பவர் எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும், அவர் அனுபவம் எந்த விமானத்தில் என்றும் கேளுங்கள். அதற்குமேல், ஒரு பாகத்தைத் தரையிலேயே ஆடவிட்டுப் பார்க்க வழி இருந்தால், கூச்சப்படாமல் ஆடவிட்டுப் பாருங்கள். வாட்ச்மேன் சிரித்தால் சிரிக்கட்டும்.

சோதனைக் காலம் முடிந்து ஆள் ஏற்றலாம் என்றானதும், முதலில் யார் என்ற பேச்சு வந்தது. விமானம் பாயுடையது. அவர்தான் போக வேண்டும். அவர் ஹெட்செட்டை என் தலையில் மாட்டிவிட்டார்.

பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். கொளவாய் ஏரி தட்டாகத் தெரிந்தது. மின்சார ரயில் ஒன்று பச்சைப் புழுவாக ஊர்ந்தது. அனுமதித்த பாதையில் கிழக்கே திரும்பியதும் சவுக்குத் தோப்புகள், உப்பங்கழி, அதற்கப்பால் கடல். கரையில் வரிசையாக நிற்கும் பைபர் படகுகளில் சிலவற்றை நான் செய்திருப்பேன். எது என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

பின்சீட்டிலும் ஒரு சின்ன ஸ்டிக் உண்டு. "புடிச்சுப் பாக்குறீங்களா ஸ்டெல்லா?" என்றார் கேப்டன். இரண்டு விரலால் பிடித்தேன். எதுவும் என்னை இழுக்கவில்லை, தள்ளவில்லை. பின்னால் கொஞ்சம் நகர்த்தினேன். எனக்கு நேர் முன்னால், கேப்டனின் தோளுக்கு அந்தப் பக்கம், நான் தேய்த்த அந்தப் பலகைகளின் பின்ஓரம் நூலளவு கீழே இறங்கியது. மூக்கு கடலிலிருந்து வானத்துக்கு ஏறியது.

இறங்கியதும் பாய் மூடியைத் திறந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். அடுத்தது அவர் போகலாமா என்று.

போங்க பாய் என்று ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.