இருட்டறைக்குள் வந்த வாரண்ட்

கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பொறுமையே கிடையாது. மாலை வாடுவதற்குள் படம் எங்கே என்று வந்து நிற்பார்கள். தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் பஜாரில் நான் ஸ்டூடியோ வைத்திருந்த அந்த வருஷங்களில், "கழுவப் போட்டிருக்கேன், நாளைக்கு வாங்க" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னேனோ, கணக்கே இல்லை. உண்மையில் சுருள் கேமராவுக்குள்ளேயே இருக்கும். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். கல்யாணத்தில் எட்டு எடுத்தால் மீதி நாலையும் எடுத்து முடிக்காமல் கழுவ எங்கள் தொழிலில் யாருக்கும் மனசு வராது. பிலிம் விற்ற விலை அப்படி.

அப்படித்தான் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்தின் சுருள் ஒரு வாரத்துக்கும் மேலாக என் கேமராவிலேயே கிடந்தது. எனக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மீதியிருந்த நாலில் ஒன்றை, தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப்போட்டு மாடியில் நின்ற என் மனைவியைத் தெரியாமல் எடுத்துச் செலவு செய்தேன். பாக்கி மூன்றுக்கு ஆள் வரவில்லை.

ஆளுக்குப் பதிலாகப் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர், ஒல்லியான மனிதர், மூக்குப்பொடிப் பழக்கம் உள்ளவர். கையில் மாஜிஸ்ட்ரேட் கையெழுத்துப் போட்ட வாரண்ட். அவருக்குப் பின்னால் தெருவில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். அவள் அழவில்லை, என் கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை எனக்குத் தெரியும். பாலகாட் சுரங்கத்து லைன் வீட்டுக்காரி. அவள் புருஷன் சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டு இறங்க, ஏற மணி அடிக்கும் பெல்மேன். அந்தக் கிறிஸ்தவக் கல்யாணத்தன்று சாயங்காலம் கோயில் வாசலில் குரூப் எடுக்கும்போது, பெரியவர்கள் உட்காரப் பெஞ்சு தூக்கிப் போட்டவர் அவர்தான். அதே சாயங்காலம் தங்கம் பிரிக்கும் மில்லுக்குப் பின்னால் வேலியோரத்தில் திருட்டுப் பொன்மண் மூட்டை ஒன்று கைமாறியதாம். கொடுத்தது இவர்தான் என்று யாரோ தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லிவிட, அவரைப் பிடித்து ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள்.

"கல்யாணத்துல இருந்தேன்னு சொல்றான். சாட்சி சொல்றவங்க எல்லாம் சொந்தக்காரங்க. போதகர் ஆசீர்வாதம் முடிஞ்சதும் வேற ஊருக்குப் போயிட்டாராம், யார் யார் நின்னாங்கன்னு அவருக்கு ஞாபகம் இல்ல. படம்தான் பொய் சொல்லாது ஸ்வாமி. எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

கேஸ் உறுதியானால் பெல்மேனுக்கு வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்ட அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே சார், இதுக்கு இன்னாத்துக்கு வாரண்ட்டு?" என்றேன் கடுப்பாக. எனக்கு அப்போது கோபம் சீக்கிரம் வரும். இப்போதும் அப்படித்தான்.

"சும்மா வாங்கிட்டுப் போனா, நாளைக்குக் கோலார் கோர்ட்டுல இது எங்கிருந்து வந்ததுன்னு வக்கீல் என்னைக் கிழிப்பார். அவன் திருடன்னா திருடன், இல்லன்னா இல்ல. எதுவா இருந்தாலும் முறையா இருக்கணும்" என்றார்.

முறை என்றால் அவருக்கு உயிர். சோதனையைப் பார்க்க அக்கம்பக்கத்தில் மரியாதையுள்ள இரண்டு பேர் வேண்டுமாம், பஞ்சர்கள் என்பார்கள். பக்கத்து ஜவுளிக்கடை முதலாளியும் எதிர்க்கடை சோடாக்காரரும் வந்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் என் முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"முதல்ல என்னைச் சோதனை பண்ணுங்க."

எனக்குப் புரியவில்லை. வெளியிலிருந்து எதையாவது கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டார் என்று நாளைக்கு நான் சொல்லக் கூடாதாம், அதற்காகச் சோதனை போடுகிறவரையே கடைக்காரன் முதலில் சோதிக்கலாமாம். போலீஸ்காரர் பையில் கைவிட்டுப் பார்த்தேன். பொடி டப்பாவும் கைக்குட்டையும்தான் இருந்தன. இரண்டையும் மேஜைமேல் வைக்கச் சொல்லிவிட்டார். ஜவுளிக்கடைக்காரரின் வெற்றிலைப் பெட்டியும் அங்கேயே தங்கியது. அவர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சிக்கல் அதற்கப்புறம்தான். சுருளை இன்னும் கழுவவில்லை என்றதும் இன்ஸ்பெக்டர், "சரி, கழுவுங்க. பஞ்சர்கள் பார்க்கட்டும்" என்றார்.

"பார்க்க முடியாது சார். பார்க்கணும்னா வெளிச்சம் வேணும், வெளிச்சம் பட்டா படம் போச்சு."

"சிவப்பு லைட்டு இருக்குமே?"

"அது பேப்பருக்கு. இந்தப் பிலிமுக்கு அதுவும் ஆவாது. கும்மிருட்டு வேணும்."

"இருட்டுல நீங்க சுருளை மாத்திட்டா? பஞ்சர்கள் பார்க்காம நடந்தது சோதனையே இல்ல."

"பார்த்தா படமே இல்ல!" என்று கத்திவிட்டேன். ஜவுளிக்கடைக்காரர் என் தோளைத் தொட்டு அடக்கினார். இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரவில்லை. பொடி டப்பா வழக்கமாக இருக்கும் பையின் பக்கம் கை போய், வெறுமனே திரும்பி வந்தது. அவர் சொல்வதும் நியாயம், நான் சொல்வதும் நியாயம். நடுவில் பெல்மேனின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுப் பக்கத்து உள்வாசலில் நின்ற என் மனைவிதான் வாயைத் திறந்தாள். "இன்னாங்க, கண்ணால பார்க்க முடியலேன்னா கையால புடிச்சிக்கட்டுமே."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். "ஆகலாம்மா" என்றார்.

மீதியிருந்த மூன்று படத்தையும் வெறுமனே சுற்றிவிட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்ஸ்பெக்டர் சுருளை வெளியே எடுக்கச் சொல்லி, பிலிமைச் சுற்றியிருந்த மேல்காகிதத்தில் பஞ்சர்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒரு ஆள் நிற்கக் கட்டிய இருட்டறையில் நான்கு பேர் நுழைந்தோம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவரே இரண்டு பேர். கதவைச் சாத்தினோம். என் வலது மணிக்கட்டை அவர் பிடித்துக்கொண்டார், இடது மணிக்கட்டைச் சோடாக்காரர். இன்ஸ்பெக்டரின் பெல்ட் என் முதுகில் குத்தியது.

அந்தக் காலத்தில் சுருளின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, தொட்டியில் இருக்கும் மருந்தில் மேலும் கீழுமாக இழுத்துக் கழுவுவோம். கிணற்றில் இரண்டு கையாலும் மாறி மாறிக் கயிறு இழுப்பது போல இருக்கும். என் கை மேலே போனால் ஜவுளிக்கடைக்காரர் கையும் மேலே போனது, என் கை இறங்கினால் அவர் கையும் இறங்கியது. வெளியே கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னவள் என் மனைவி.

"இன்னும் எவ்ளோ நேரம்பா?" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "நான் ஜன்மத்துல இப்படி வேலை செஞ்சதில்ல."

"கையை வுட்டுடாதீங்க முதலாளி, கோர்ட்டுல கேப்பாங்க" என்றார் சோடாக்காரர். இருட்டில் இன்ஸ்பெக்டர் சிரித்தது எனக்குக் கேட்டது.

மருந்து மாற்றி, படம் நிலைத்ததும் விளக்கைப் போட்டேன். ஈரச் சுருளைத் தூக்கிப் பிடித்தேன். எட்டும் கல்யாணம். ஒன்பதாவதில் விரித்த கூந்தலோடு என் மனைவி. அது இருப்பதையே நான் மறந்து போயிருந்தேன். காது சுட்டது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாரண்ட்டுல கல்யாணப் படம்னுதான் எழுதியிருக்கு. மீதி எனக்கு வேண்டாம். வெட்டி எடுத்துக்குங்க" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

என் வாழ்நாளில் ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது அந்த ஒரு தடவைதான். வெட்டினேன், பையில் போட்டுக்கொண்டேன்.

நெகட்டிவில் கறுப்பு முகமும் வெள்ளை முடியுமாக எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். காய வைத்து, சிவப்பு விளக்கில் பேப்பரில் போட்டேன். இந்த முறை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். தொட்டியில் முதலில் மாப்பிள்ளையின் கோட்டு வந்தது, பிறகு பெண்ணின் முக்காடு, பிறகு பெஞ்சு. வரிசையின் கடைசியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெல்மேன் வந்தார். சாயங்கால வெயிலில் அவர் நிழல் நீளமாக விழுந்திருந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மனிதர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"ஐயய்யோ, கண்ணை மூடினுகீறானே!" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"கண்ணு மூடினா ஆள் மாறுமா ஸ்வாமி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அங்கேயே உட்கார்ந்து நடந்ததை மகஜராக எழுதினார். இருட்டில் பஞ்சர்கள் கண்ணால் காணவில்லை, கடைக்காரர் கையை விடாமல் பிடித்திருந்தார்கள் என்றும் அதில் எழுதியிருந்தார். படித்துக் காட்டினார். கையெழுத்து வாங்கி எனக்கும் ஒரு பிரதி தந்தார். பிறகுதான் பொடி டப்பாவை எடுத்தார். தெருவுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் அப்போதுதான் அழுதாள். மறுநாளே பெல்மேனை விட்டுவிட்டார்கள், அதே வாரத்தில் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

கண் மூடிய படத்துக்காக என்னோடு சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டியவர் பெல்மேன் ஒருவர்தான். வீட்டுக்கு வருகிறவர்கள், "இன்னாபா, தூங்கறியா?" என்று கேலி செய்தால் அவருக்குச் சந்தோஷம் தாங்காது. என் மனைவியின் படம் என் வீட்டுச் சுவரில் ஏறியது. "போலீஸ் வரைக்கும் கொண்டு போயிட்டீங்களே" என்று அவள் என்னை இடிக்காத பண்டிகை கிடையாது.

அந்தக் கைக்குழந்தைக்குக் கல்யாணம் ஆனபோது படம் எடுக்க நான்தான் போனேன். அதே கோயில் வாசல், அதே சாயங்காலம். பெஞ்சு போட வேறு ஆள் வந்துவிட்டார்கள், பெண்ணைப் பெற்ற பெல்மேனும் அவர் மனைவியும் நடுவில் உட்கார்ந்தார்கள். யாரும் கண்ணை மூடாதீங்க என்று வழக்கம்போலச் சொன்னேன். கேமராவுக்குள் பார்த்தால், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, பெல்மேன் மட்டும் வேண்டுமென்றே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

"அண்ணா, கண்ணைத் தெறங்க!" என்றேன்.

"இருக்கட்டும்பா, அப்படியே எடு" என்றார்.

எடுத்தேன்.