மூன்றாவது ஜோடி

வியட்நாமில், துய் ஹோவா ஊரில் மத்தியானம் பதினொன்றரை ஆகிவிட்டால் ஊரே படுத்துவிடும். வங்கி குமாஸ்தா மேசைக்கு அடியில் பாயை விரிப்பார்; கறிக்கடைக்காரி பலகைமேலேயே சாய்ந்துகொள்வாள். ஒன்றரை மணி வரைக்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவனை யாரும் மனுஷனாக மதிக்கமாட்டார்கள்.

தூங்காத ஒரே ஜீவன் தோவாவின் வீட்டு மாடியில் குடியிருந்த கேரல் டீச்சர்தான். அமெரிக்காவில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, ஒரு கிறிஸ்தவ மிஷன் மூலமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர். காலை ஏழு மணிக்கு ஓட்டல் சிப்பந்திகளுக்கு வகுப்பு, சாயங்காலம் மற்றவர்களுக்கு. ஊர் தூங்கும் அந்த இரண்டு மணி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் மாடியில் இங்கும் அங்கும் தொம் தொம்மென்று நடப்பார்.

"டீச்சர், உங்களுக்குத் தூக்கம் வராட்டி அது உங்க பாடு. எதிர்வீட்டுக்காரி தூங்க வேண்டாமா?" என்று தோவா அதட்டிப் பார்த்தாள். டீச்சர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மெதுவாக நடந்தார். அவ்வளவுதான்.

தோவாவுக்கு நாற்பத்தாறு வயது. கணவன் இறந்த பிறகு மாடியை வாடகைக்கு விட்டவள், அப்படியே டீச்சருக்குச் சமைத்து, வகுப்பில் வருகைப் பதிவு எடுத்து, டீச்சரின் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்காதபோது அதை வியட்நாமிய மொழியில் சொல்லிச் சிரிக்க வைத்து, நான்கு வருஷத்தில் ஞானஸ்நானமும் பெற்றுவிட்டாள். வாய்க்குப் பூட்டே கிடையாது. டீச்சர் வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசமாட்டார், அரசாங்கம் அனுமதிக்காத ஜெபக் கூட்டம் எதுவும் வீட்டில் நடக்காது என்று வார்டு அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததும் அவள்தான். அந்தக் காகிதம் பொய்யானால் டீச்சர் இரண்டு நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டும். வீட்டில் இனி வெளிநாட்டுக்காரர் யாரையும் வைக்க முடியாது. ஏரியாக் கூட்டத்தில் குற்றம் செய்தவள் என்று தோவாவின் பெயரை எழுந்து நின்று வாசிப்பார்கள்.

அப்படியிருந்தும் புதன்கிழமை மத்தியான ஜெபத்துக்கு யோசனை சொன்னவளும் அவளேதான். யாரும் யார் வீட்டுக்கும் போகாத நேரம், டீச்சரும் சும்மா இருக்கும் நேரம். ஐந்து பெண்கள் வருவார்கள். வண்டிகளைச் சந்தையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். மாடியில் மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, பாட்டை உதட்டில் மட்டும் பாடுவார்கள். செருப்புகள் சமையலறையில் காலி அரிசி டிரம்முக்குள் போய்விடும். வாசலில் தோவாவின் ஜோடியும், படகு அளவுக்கு இருந்த டீச்சரின் ஜோடியும் மட்டும் கிடக்கும். தோவா கீழே மடக்குக் கட்டிலில் தூங்குகிற மாதிரி படுத்துக் காவல் இருப்பாள்.

அந்தப் புதன்கிழமை அவள் நிஜமாகவே தூங்கிவிட்டாள். பிறந்ததிலிருந்து அந்த நேரத்தில் தூங்கிப் பழகிய உடம்பு, அது எத்தனை நாள்தான் நடிக்கும்?

"அக்கா."

கண்ணைத் திறந்தாள். இரும்புக் கதவுக்கு உள்ளே, வாசற்படிக்குப் பக்கத்தில், ஏரியா போலீஸ்காரர் சாங் நின்றிருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்து இந்த ஏரியாவைப் பார்த்துக்கொள்கிறவர். தோவாவைவிட எட்டு வயது சின்னவர். இருந்தாலும் போட்டிருக்கிற சட்டைக்காக அவள் அவரை அண்ணே என்பாள், அவர் இவளை அக்கா என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது அந்த ஏரியாவில் தீராத கணக்கு.

"இந்த நேரத்துல என்ன அண்ணே? வீட்டுல சோறு போடலையா?"

"மொட்டைக் கடிதாசி வந்திருக்கு. புதன்கிழமை மத்தியானம் இந்த வீட்டுல கூட்டம் நடக்குதாம். நேர்ல பார்த்து எழுதச் சொல்லிட்டாங்க."

மாடியில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. சாங் அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சர் நடக்கிறாங்க. அவங்க தூங்கமாட்டாங்க. தெருவுக்கே தெரியுமே."

"டீச்சருக்கு ரெண்டு கால்தானே அக்கா?"

சொல்லிக்கொண்டே குனிந்தார். அப்போதுதான் தோவாவும் பார்த்தாள். படியில் மூன்று ஜோடி. பழுப்பு நிறச் சின்னச் செருப்பு ஒன்று, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. லியூவினுடையது. ஒரு மாதமாக வருகிறவள். சந்தையில் பொத்தானும் நூலும் விற்பவள். அடுத்தவர் வீட்டுக்குள் செருப்பைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அவளுக்கு எப்போதும் உடம்பு கூசும். தோவா அதட்டினால்தான் எடுத்துப் போவாள். இன்று தாமதமாக வந்து, காவல்காரி குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மேலே போயிருக்கிறாள்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்."

"அதுவும் உங்களோடதா? ரெண்டு ஜோடியா?"

"ஏன், போலீஸ்காரங்க மட்டும்தான் பூட்ஸ் ஒண்ணு செருப்பு ஒண்ணு வச்சுக்கணுமா?"

அவர் சிரிக்கவில்லை. அந்தச் சின்னச் செருப்பில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார். அறுந்துபோன வாரை யாரோ நீல நிற மீன்வலை நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது.

"யார் தைச்சது இதை?"

"நான்தான் தைச்சேன்" என்றாள் தோவா. ஆரம்பித்த பொய்யைப் பாதியில் விடுகிற ஆளில்லை அவள்.

"நல்லாத் தைச்சிருக்கீங்க."

செருப்பை இருந்த இடத்திலேயே வைத்தார். மாடிப்படியை ஒருமுறை பார்த்தார். ஏறிவிடுவார் என்றே தோவா நினைத்தாள். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபீசுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் மேலே ஓடினாள். "லியூ, உன் செருப்பை யாருடி தைச்சுக் கொடுத்தது?"

"எங்க வீட்டுக்காரர்தான் அக்கா. ஏன்?"

"அரசாங்க வேலைன்னு சொன்னியே, என்ன வேலை? பேர் என்ன?"

லியூ எழுந்து ஜன்னலிடம் போனாள். தெரு காலியாக இருந்தது. "சாங்" என்றாள். கேரல் டீச்சர் ஒன்றும் புரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். லியூ கையை விடுவித்துக்கொண்டு, கீழே இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தோவாவுக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேல் வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் சாங் அறிக்கையைப் படித்தார். "பன்னிரண்டு இருபதுக்குப் பார்வையிட்டேன். வீட்டுக்காரம்மா தூங்கிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு ஆசிரியை மாடியில் நடந்துகொண்டிருந்தார். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு." பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க."

வாங்கிக்கொண்டாள். டீச்சர் தப்பித்தார், வீடு தப்பித்தது. ஆனால் லியூ அங்கே வரவே இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதுபோல் இருந்தது. வெட்கமாக இருந்தது. போட்டாள்.

"அக்கா, அந்த மூணாவது ஜோடியை இனிமே அந்த வாசல்ல யாரும் பார்க்கக்கூடாது" என்றார் சாங், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

"பார்க்கமாட்டாங்க அண்ணே."

அடுத்த புதன்கிழமை தோவா கட்டிலில் படுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான்கு பெண்கள் வந்தார்கள், நான்கு ஜோடி டிரம்முக்குள் போனது. ஐந்தாவது வராது என்று அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்தப்போனபோது, தார் உருகிக் கிடந்த தெருவில், சுவரோரத்து ஒட்டுநிழலில் லியூ வந்துகொண்டிருந்தாள். குதிகால் தரையில் படாமல், விரல்களால் மட்டும் நடந்தாள். காலில் ஒன்றும் இல்லை.

"பாவி, எங்கடி செருப்பு?"

"எல்லாத்தையும் அலமாரில வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டார்."

"அடிச்சாரா?"

"இல்ல. ஒரு வாரமா ஒரு வார்த்தை பேசல. காலைல மட்டும், 'உன் செருப்பு அந்த வாசலுக்குப் போகக்கூடாது'ன்னார்." லியூ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் சிவந்து கொப்பளித்திருந்தது. "செருப்பு வரலையே அக்கா."

தோவா அவளை உள்ளே இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். அகலமான அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, அவள் இரண்டு கால்களையும் அதற்குள் எடுத்து வைத்தாள். மேலே மின்விசிறி ஓட ஆரம்பித்தது. கதவைச் சாத்துமுன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அறிக்கையில் எழுதியிருந்தபடியே இரண்டு ஜோடிதான் கிடந்தது.